ஒரே 'கே.எஸ்.ஆர்.டி.சி.', ரெண்டு மாநிலம்: பெயரும் லோகோவும் யாருக்குச் சொந்தம்? குமரி பயணிக்கு இதில் என்ன இருக்கு?

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் திருவனந்தபுரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களிடம் அந்த ரெட்டை யானை முத்திரையைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் 'ஆனவண்டி' என்றாலே கேரள அரசு பஸ்தான். பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்காமலே, தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும்.

ஆனால் அதே பயணி டிக்கெட் புக் செய்ய மொபைலை எடுத்து, 'கே.எஸ்.ஆர்.டி.சி. டாட் இன்' என்று தட்டினால் திறப்பது கர்நாடக அரசு போக்குவரத்துக் கழகத்தின் இணையதளம். பெயர் அச்சு அசலாக ஒன்று. பஸ் வேறு, மாநிலம் வேறு, பணம் போய்ச் சேரும் இடமும் வேறு.

இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் ரெண்டு மாநிலக் கழகங்களும் பல வருஷம் சட்டச் சண்டை போட்டன.

யார் முதலில் வைத்த பெயர்?

கதை குமரி மண்ணில் இருந்தே தொடங்குகிறது. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் அரசு பஸ் சேவையைத் தொடங்கி வைத்தார். அதை நடத்த லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்பவரை வரவழைத்திருந்தார்கள். அரசு பஸ் முதலில் ஓடிய வழித்தடம் திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி. அப்போது குமரி மாவட்டம் திருவிதாங்கூரில்தானே இருந்தது! 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அந்தப் போக்குவரத்துத் துறை கேரளாவோடு போய், 1965-ல் கேரள மாநில சாலைப் போக்குவரத்துக் கழகம் ஆனது.

கர்நாடகா பக்கம் கதை வேற மாதிரி. 1973 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலம் கர்நாடகா எனப் பெயர் மாறியது. அங்கிருந்த பஸ் கழகத்தின் பெயரும் கூடவே மாற, அதன் சுருக்கமும் கே.எஸ்.ஆர்.டி.சி. என்றே வந்து நின்றது. யாரும் யாரையும் காப்பி அடிக்கவில்லை. ரெண்டு மாநிலத்துக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்று, அவ்வளவுதான்.

லோகோவை எடுத்துக்கொண்டால் குழப்பமே கிடையாது. கேரளாவுக்கு யானைகள். கர்நாடகாவுக்கு மைசூர் மன்னர்களின் அடையாளமான ரெட்டைத் தலைப் பறவை, கண்டபேருண்டம். படம் வரைந்ததில் ரெண்டு பேருமே ஒரிஜினல். சிக்கல் எல்லாம் அந்த எழுத்துகளில்தான்.

கோர்ட் வரைக்கும் எப்படிப் போனது?

கேரளா பெயரை முதலில் பயன்படுத்தியது. கர்நாடகா முதலில் பதிவு செய்தது. 2013-ல் 'கே.எஸ்.ஆர்.டி.சி.' என்ற பெயருக்கும் கண்டபேருண்ட லோகோவுக்கும் கர்நாடகா டிரேட்மார்க் வாங்கியது. 2014-ல், இந்தப் பெயரை இனி பயன்படுத்தாதீர்கள் என்று கேரளாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 1965 முதல் ஓடும் பஸ்ஸுக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் திருவனந்தபுரத்தில் எப்படி இருந்திருக்கும்!

கேரளா தானும் பதிவுக்கு விண்ணப்பித்தது. கர்நாடகாவின் பதிவை எதிர்த்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கும் போனது. 2021 ஜூன் தொடக்கத்தில் "பெயர், யானை லோகோ, ஆனவண்டி என்ற செல்லப்பெயர் எல்லாமே எங்களுக்குத்தான்" என்று கேரளா கொண்டாட, அப்படி ஒரு இறுதி உத்தரவே இல்லை என்று கர்நாடகா மறுத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய அரசு அந்த வாரியத்தையே கலைத்திருந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் கேரளக் கழகத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. கர்நாடகா அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கு இருந்த தடங்கல் நீங்கியது.

சட்டம் பார்ப்பது எதை?

இங்கேதான் நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். லோகோ அழகாக இருக்கா, சொந்தமாக யோசித்து வரைந்ததா என்பது காப்புரிமைச் சட்டத்தின் கேள்வி. 1999-ம் வருஷ டிரேட்மார்க் சட்டம் கேட்பது வேறு: இதைப் பார்க்கிற சாதாரண ஆள், 'இது அவங்க கம்பெனி' என்று ஏமாந்துபோவாரா? சந்தையில் முதலில் பயன்படுத்தியது யார்? ரெண்டு பேர் நேர்மையாக, நீண்ட காலம் ஒரே பெயரில் தொழில் செய்திருந்தால் இருவருக்குமே பதிவு கொடுக்கவும் அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவில் இடம் இருக்கிறது.

நாகர்கோவிலில் நேந்திரம் சிப்ஸ் கடை வைத்திருப்பவருக்கும் இதே விதிதான். கம்ப்யூட்டர் சென்டரில் யாரோ போட்டுக் கொடுத்த லோகோவை போர்டில் மாட்டுவதற்கு முன்னால், டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் அதே மாதிரி இருக்கா என்று இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். தனிநபர், சிறுதொழில் என்றால் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைப் பொருளுக்கு ரூ.4,500. பதிவு கிடைத்தால் 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் இதழில் வெளியானதும் நான்கு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபம் சொல்லலாம். கே.எஸ்.ஆர்.டி.சி. விஷயத்தில் கேரளா கோட்டை விட்டது இந்த ஆரம்ப கட்டத்தில்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் பெயரைப் பயன்படுத்தியும் பதிவு செய்ய ஆபீஸுக்குப் போகவில்லை.

சரி, பயணிக்கு என்ன?

வழக்கில் ரெண்டு பக்கமும் பேசியது கழகத்தின் உரிமையைப் பற்றி. பஸ்ஸில் போகிறவருக்கு லோகோ என்பது ஒரு முகவரி. பஸ் வரவில்லை, பை பஸ்ஸிலேயே போய்விட்டது, மீதிச் சில்லறை வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்பதைச் சொல்லும் அடையாளம். பெங்களூரு - திருவனந்தபுரம் தடத்தில் ரெண்டு கழக பஸ்ஸும் ஓடுகிறது. எஸ்.எம்.எஸ்.ஸில் வெறும் 'கே.எஸ்.ஆர்.டி.சி.' என்று மட்டும் வந்தால் அந்த அடையாளம் பாதி அழிந்த மாதிரிதான்.

முகவரி சரியாகத் தெரிந்தாலும் எதிர்முனையில் ஆள் வேண்டுமே. கேரளக் கழக டிப்போக்களின் லேண்ட்லைன் எண்கள் பயணிகளின் நெடுநாள் புலம்பல்: அடித்துக்கொண்டே இருக்கும், அல்லது எந்நேரமும் பிஸி. கடைசியில் 2025 ஜூலை 1 முதல் டிப்போ விசாரணை அறைகளில் லேண்ட்லைனுக்குப் பதில் மொபைல் போன் என்று கழகம் முடிவெடுத்தது. நாட்டில் 5ஜி வந்து கிட்டத்தட்ட மூணு வருஷம் கழித்து!

தமிழ்நாட்டில் நிலைமை நேர் எதிர். குமரியில் ஒரு காலத்தில் 'நேசமணி' என்ற பெயரோடு அரசு பஸ் ஓடியது. 1997-ல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு எல்லாம் ஒரே 'அரசுப் போக்குவரத்துக் கழகம்' ஆனது. குமரி இப்போது திருநெல்வேலி கோட்டத்தின் கீழ். லோகோ குழப்பம் இல்லை, ஆனால் புகார் எந்த டிப்போவுக்குப் போகும் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

புகார் செய்ய வழி என்ன?

டிக்கெட்டையோ புக்கிங் எஸ்.எம்.எஸ்.ஸையோ அழிக்காதீர்கள். பஸ்ஸின் பதிவு எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். கே.எல். என்று தொடங்கினால் கேரளா, கே.ஏ. என்றால் கர்நாடகா, லோகோவைவிட இது உறுதியான அடையாளம். கழகம் பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதுக்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். இதற்காக திருவனந்தபுரத்துக்கோ பெங்களூருக்கோ அலைய வேண்டாம். 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே. செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது; 'இ-ஜாக்ரிதி' தளம் வழியாக வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம். எதிர்மனுதாரர் பெயரை எழுதும் இடத்தில் மட்டும் 'கே.எஸ்.ஆர்.டி.சி.' என்று சுருக்காமல், மாநிலத்தின் பெயரோடு முழுசாக எழுத வேண்டும்.