இரண்டு முறை எரிந்த இ.சி.யு.: மூன்றாவதை வாங்கும் முன்

நிலக்கோட்டை வட்டாரத்தில் ஒன்றரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், தமது பழைய பெட்ரோல் வேனைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார். தம் தோட்டத்துப் பூவோடு அக்கம்பக்கத்தார் பூவையும் ஏற்றிக்கொண்டு விடியும் முன் சந்தைக்குப் போவது இந்த வேனில்தான். ஏழு மாதத்துக்குள் இரண்டு முறை இ.சி.யு. எரிந்துவிட்டது. முதல் முறை நகையை அடகு வைத்து வேறொன்று வாங்கிப் போட்டார். இப்போது அதுவும் போய்விட்டது. 'இன்னொன்று போட்டால் சரியாகிவிடும்' என்கிறாராம் மெக்கானிக். வாங்கலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். எரித்தது எது என்று தெரியாமல் மாட்டினால் மூன்றாவதும் எரியும்.

இ.சி.யு. என்பது இன்ஜினுக்கு எப்போது பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது பிளக்கில் பொறி விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் சிறு பெட்டி. அது தானாகக் கெட்டுப்போவது குறைவு. வெளியே இருக்கும் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் அதைக் கெடுக்கிறது. கிணற்று மோட்டாரின் காயில் ஷார்ட்டாகிக் கிடக்கும்போது ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது உழவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடிதத்தில் இரண்டு குறிப்புகள் முக்கியமானவை. பெட்டியைத் திறந்து பார்த்தபோது இரண்டு முறையும் உள்ளே ஒரே மூலை கருகியிருந்தது. இரண்டு முறையும் வண்டி நிற்பதற்குச் சில வாரம் முன்பே ஏற்றத்தில் இழுவை குறைந்து, ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு ஓடியது. டைனமோ அதிக வோல்ட் கொடுத்திருந்தால் மின்சாரம் பெட்டிக்குள் நுழையும் இடம்தான் முதலில் அடிபடும். ஹெட்லைட் பல்பும் அடிக்கடி பியூஸாகும், பேட்டரித் தண்ணீரும் சீக்கிரம் வற்றும். அப்படி எதுவும் கடிதத்தில் இல்லை. ஒரே மூலை இரு முறை கருகியதும் அதற்கு முன் மிஸ்ஃபயர் ஆனதும் இக்னிஷன் காயிலைத்தான் காட்டுகின்றன.

காயிலுக்கு பாசிட்டிவ் மின்சாரம் சாவி போட்டிருக்கும் வரை வந்துகொண்டே இருக்கும். அதன் எர்த் பக்கத்தை இணைப்பதும் துண்டிப்பதும் இ.சி.யு.வுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் வேலை. துண்டிக்கும் கணத்தில் பிளக்கில் பொறி விழுகிறது. பிளக் தேய்ந்து இடைவெளி கூடினால் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டியிருக்கும். காயில் சிரமப்பட்டு, அதன் உள்சுற்று இன்சுலேஷன் நாளாக ஆக உடையும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட்டானதும் கரண்ட் அளவுக்கு மீறிப் பாய்கிறது. பியூஸ் போவதற்கு முன் டிரான்சிஸ்டர் போய்விடுகிறது.

காயில் சாக்கெட்டில் இரண்டு பின் மட்டும் இருந்தால் அந்த டிரான்சிஸ்டர் பெரும்பாலும் இ.சி.யு.வுக்குள் இருக்கும். மூன்று அல்லது நான்கு பின் உள்ளவற்றில் பொதுவாகக் காயிலுக்குள்ளேயே இருக்கும். வாசகரின் வண்டியில் இரண்டு பின்தான் என்று எழுதியிருக்கிறார். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, சாக்கெட்டைக் கழற்றி, அந்த இரண்டு பின்னுக்கு இடையே அளக்க வேண்டும். இந்த வகைக் காயிலில் பெரும்பாலும் அரை ஓம் முதல் ஒரு ஓம் வரை காட்டும். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் கழித்துக்கொள்ளாவிட்டால் கணக்கு தப்பும். வண்டியில் இரண்டு காயில் இருந்தால் ஒன்றோடொன்று ஒப்பிடுவதே நம்பகமான வழி. ஒன்று தெளிவாகக் குறைவாகக் காட்டினால் அதுதான் குற்றவாளி. ஆறிய நிலையில் சரியாகவும் சூடேறியபின் ஷார்ட்டாகவும் இருக்கும் காயில்களும் உண்டு. எனவே மீட்டர் 'சரி' என்று சொன்னாலும் இந்த வண்டியில் காயில், பிளக், பிளக் வயர் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே மேல். அதற்கு ஆகும் செலவு இ.சி.யு. விலையில் சிறு பங்குதான். இன்ஜெக்டர்களையும் இதே போல் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அவற்றையும் எர்த் பக்கம் இயக்குவது இ.சி.யு.தான்.

மற்ற சோதனைகளுக்கும் அதே மீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் நின்றபின், முழுதாக சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. எர்த் சோதனையைப் பல பட்டறைகளில் செய்வதில்லை. உண்மையில் பாதி மர்மக் கோளாறு அங்கேதான் இருக்கும். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினால் போதும்.

புதிய பெட்டி மாட்டி இன்ஜின் ஓடத் தொடங்கிய உடனே டைனமோவையும் பார்த்துவிட வேண்டும். வேகம் கூட்டினாலும் குறைத்தாலும் 13.5 முதல் 14.5 வரை நிற்பது நல்லது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது என்று பொருள். வண்டியை உடனே நிறுத்த வேண்டும். அப்படியே மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றினால் அரை வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் டைனமோவின் டயோடு போயிருக்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் டைனமோ வோல்ட்டையும் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும் என்பதால் அவற்றுக்கு இந்த அளவுகள் அப்படியே பொருந்தா. பல்பு வைத்த டெஸ்ட் லேம்பை இ.சி.யு. வயர்களில் தொடவே கூடாது. அந்தப் பல்பு இழுக்கும் கரண்ட்டே சில சுற்றுகளைக் கெடுத்துவிடும்.

கிராமத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார்கள். எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய டீசல் இன்ஜின்களில் அது தப்பியது. இ.சி.யு. உள்ள வண்டியில் அப்படிச் செய்தால், வாங்கிக்கொள்ளப் பேட்டரி இல்லாத மின்சாரம் கணநேரம் பல மடங்கு எகிறி உள்ளே போகும். ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பொறி பார்ப்பதும் இதே போன்றது. பேட்டரி இறங்கிய வண்டியை லாரியின் 24 வோல்ட்டில் இணைத்து ஸ்டார்ட் செய்வதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெல்டிங் வைக்கும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். இது வேனுக்கு மட்டுமல்ல. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிமுறை வந்தபின் அவற்றிலும் இ.சி.யு. வந்துவிட்டது. ரோட்டவேட்டரை டிராக்டரில் மாட்டியபடியே கத்திக்கு வெல்டிங் வைப்பது நம் பட்டறைகளில் சாதாரணம். கழற்றி இறக்கிவிட்டு வைப்பதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். வைக்கோல்போர் ஓரம் நிறுத்தும் வண்டியில் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று அவ்வப்போது பானட்டைத் திறந்து பார்ப்பதும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது இ.சி.யு. பக்கம் போகாமலிருப்பதும் இத்தோடு சேர்ந்தவை.

வாசகர் பழைய பெட்டிதான் வாங்க முடியும் என்று எழுதியிருப்பதால் இதுவும்: மேலே ஒட்டியிருக்கும் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். சாவியில் சிப் உள்ள வண்டியானால் பழைய பெட்டி இந்தச் சாவியை ஏற்காது, ஸ்கேனர் வைத்துப் பதிந்தால்தான் வண்டி கிளம்பும். அதற்கான கூலியையும் விலை பேசும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கருகியது அந்த ஒரு டிரான்சிஸ்டர் மட்டும் என்றால் மதுரை, கோவை போன்ற ஊர்களில் இ.சி.யு. ரிப்பேர் செய்பவர்களிடம் முதலில் காட்டுவது நல்லது. வாங்குவதைவிட அது மலிவாக முடிய வாய்ப்பு உண்டு. தம் வண்டியின் சொந்தப் பெட்டியை இன்னும் வைத்திருந்தால் அதைச் சரிசெய்து கொண்டால் சாவிப் பிரச்சினையும் வராது.