விஞ்ஞானச் சிந்தனை: சிறுத்தாலும் நஞ்சாகும் துத்தநாகம்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முதுமொழி. பொருளின் அளவு கூடுவதால் விளையும் தீங்கையே அது சுட்டுகிறது. துகளின் அளவு குறைவதாலும் ஒரு பொருள் தீங்கு செய்யக்கூடும் என்பது இக்கால விஞ்ஞானம் உணர்த்தும் செய்தி. அதற்குச் சான்றாகத் துத்தநாக ஆக்ஸைடு என்னும் வெண்பொடியை இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

இது நமக்குப் புதிய பொருளன்று. வேர்க்குருவுக்கு நாம் பூசும் காலமைன் திரவத்திலும், குழந்தைகளின் தோற்புண்ணுக்குத் தடவும் களிம்பிலும், வண்டிகளின் டயர்களிலும் இது உண்டு. துத்தநாகம் உடலுக்குப் பகையுமன்று. வளர்ந்த மனிதனின் உடலில் இரண்டு மூன்று கிராம் துத்தநாகம் எப்போதும் இருக்கிறது. அது குறைந்தால் புண் எளிதில் ஆறாது. குழந்தைகளின் வளர்ச்சி குன்றும்.

இப்பொடியை 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களாக்கினால் அதன் போக்கு மாறுகிறது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால், அதில் ஒரு கூறே நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதனையே 10 நானோமீட்டர்ப் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும்! சென்னைக் கணக்கில் இரண்டரை மனைக்கும் மேல். பரப்பு பெருகப் பெருக, ரசாயன வினையும் விரைகிறது.

உயிரணுவுக்குள் நடப்பது யாது? அருகே வந்த துகளை உயிரணு விழுங்கி, லைசோசோம் என்னும் செரிப்பறைக்கு அனுப்புகிறது. அங்கே அமிலத்தன்மை மிகுதி. அமிலத்தில் துத்தநாக ஆக்ஸைடு எளிதிற் கரைந்து, துத்தநாக அயனிகள் வெள்ளமெனப் பெருகுகின்றன. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா குலைகிறது. வினைவேகம் மிக்க ஆக்ஸிஜன் சேர்மங்கள் தோன்றிச் சவ்வையும் புரதத்தையும் மரபுப் பொருளான டி.என்.ஏ.வையும் தாக்குகின்றன. சேதத்தைச் சீராக்க இயலாத உயிரணு மடிகிறது.

ஆயின், சிறுமை ஒன்றையே குற்றவாளியாக்குதல் முறையன்று. 2007-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் நன்னீர்ப் பாசியிடம் சோதித்தபோது, நானோத் துகளும் சாதாரணப் பொடியும் நீரிற் கரையும் துத்தநாகக் குளோரைடும் ஏறத்தாழ ஒரே அளவில் நஞ்சாயின. கரைந்த துத்தநாகமே அங்கே தீங்கு செய்தது. 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் துகளில் இரும்பைக் கலந்து அது கரைவதைக் குறைத்தார்கள், நச்சுத்தன்மையும் குறைந்தது. எனவே, துத்தநாகத்தை உயிரணுவுக்குள்ளும் நுரையீரலின் ஆழத்துக்கும் சுமந்து செல்லும் வாகனமாவதே சிறுதுகளின் தீமை எனலாம்.

அப்படியானால் களிம்பைத் தூர எறிவதா? வேண்டியதில்லை. சோதனைத் தட்டிலுள்ள உயிரணு காப்பின்றிக் கிடக்கிறது. நமக்கோ தோலின் மேற்புறத்தில் இறந்த அணுக்களாலான கவசம் இருக்கிறது. வெயிற் காப்புக் களிம்பில் 25 விழுக்காடு வரை நானோத் துத்தநாக ஆக்ஸைடு இருப்பது தீங்கற்றது என 2012-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு கூறியது. மூச்சில் புகக்கூடிய தெளிப்பான்களுக்கு இத்தீர்ப்புப் பொருந்தாது என்றும் அக்குழு எச்சரித்தது.

நம் கவலையும் மூச்சைப் பற்றியதே. வெல்டிங் பட்டறைகளில் உழைக்கும் இளைஞர் நம்மிடையே உண்டு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயையும் தகட்டையும் பற்றவைக்கும்போது, பூச்சு ஆவியாகி, ஆக்ஸைடுப் புகையாக எழுகிறது. அப்புகையிலும் நானோத் துகள்கள் உண்டு. சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை தோன்றும். ஓரிரு நாளில் தணிந்துவிடும். சிலநாள் பழக்கத்தால் உடல் பெறும் தாங்கும் திறன் விடுமுறையில் மறைந்து, வேலை தொடங்கும் நாளில் மீண்டும் தாக்குவதால் இதனைத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றும் அழைப்பர். பாலும் வெல்லமும் புகையை முறிக்கும் என்னும் நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. வயிற்றுக்குச் செல்லும் பால் நுரையீரலை எங்ஙனம் காக்கும்?

பூச்சைச் சுரண்டிய பின்னரே பற்றவைத்தல், புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி, தக்க முகக்காப்பு ஆகியவையே மெய்யான காவல். முகத்திற் கட்டும் கைக்குட்டை இத்துகளைத் தடுக்காது. இவற்றை அமைத்துத் தருவது முதலாளியின் கடமையேயன்றிச் சலுகையன்று. ஊருக்குப் பணம் அனுப்பும் பிள்ளைக்குத் திங்களன்று மாலை காய்ச்சல் கண்டால், பருவக் காய்ச்சல் என்று வாளாவிருக்க வேண்டாம் என நம் இல்லத்துப் பெரியோர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மருத்துவரிடம் நோயைச் சொல்லும்போது, அவன் செய்யும் தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.