மெடிக்கல் பங்கு கையில இருக்கா? வச்சுக்கலாமா, வித்துடலாமா?



போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல, ராஜபாளையம் பஸ்ஸுக்காக நிக்கும்போது, பழைய கிளாஸ்மேட் ஒருத்தனைப் பார்த்தேன். சென்னையில வேலை, மாசச் சம்பளம், கையில பால்கோவா பாக்கெட். ஆனா முகத்துல ஒரு வாட்டம். என்னடான்னு கேட்டா, விஷயம் இதுதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மெடிக்கல் டிவைஸ் கம்பெனியோட பங்கை 3 லட்சம் ரூபாய்க்கு வாங்கியிருக்கான். இப்போ அதோட மதிப்பு 2 லட்சம். வர்ற தை மாசம் தங்கச்சி கல்யாணம். மண்டபத்துக்கும் சமையலுக்கும் இவன்தான் பணம் தரணும். அதுல ஒன்றரை லட்சம் இந்தப் பங்குல மாட்டிக்கிட்டு இருக்கு.

"மாப்ள, இத வச்சுக்கவா, வித்துடவா?"

எந்தக் கம்பெனின்னு சொன்னான். அந்தப் பேர் இங்க வேண்டாம், நமக்கு அது முக்கியமும் இல்ல. நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான்: "அப்போ எதை நம்பி வாங்கின?"

"மெடிக்கல் லைன் மாப்ள. மனுஷனுக்கு நோய் வராம இருக்குமா? ஆஸ்பத்திரி இல்லாம உலகம் ஓடுமா?"

இந்த ஒரு வரியை நம்பி பணம் போட்டவங்க நம்மள்ல நிறைய பேர். கேட்க ரொம்ப நியாயமாத்தான் இருக்கு. ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. அந்த ஓட்டையைப் புரிஞ்சுக்க அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம், ராஜபாளையம் வரைக்கும் போனா போதும்.

தேவை வேற, லாபம் வேற

ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டின்னு ஒரு ஊர் இருக்கு. விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கிற ஊர். அங்க நெய்யிறது சேலையோ வேட்டியோ இல்ல. ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுற பேண்டேஜ் துணி, காஸ் துணி. உள்நாட்டுக்கும் போகுது, வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி ஆகுது.

இப்போ நம்ம ஆள் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்க. காயம் படாத ஊர் உண்டா? ஆபரேஷன் நடக்காத நாள் உண்டா? அப்படின்னா சத்திரப்பட்டியில தறி வச்சிருக்கிற எல்லாரும் இந்நேரம் கோடீஸ்வரங்களா இருக்கணுமே! ஏன் இல்ல?

ஏன்னா பேண்டேஜ் துணியோட அடக்க விலையில பெரிய பங்கு நூலுக்குப் போகுது. நூல் விலை ஏறினா தறிக்காரருக்கு உடனே அடி. ஆனா வாங்குறவர்கிட்ட அதே வேகத்துல விலையை ஏத்த முடியாது. பெரிய அளவுல வாங்குறது யாரு? அரசு ஆஸ்பத்திரிகளுக்காக டெண்டர் விட்டு வாங்குற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாதிரி அமைப்புகள், பெரிய ஆஸ்பத்திரிகள், ஏற்றுமதி வியாபாரிகள். டெண்டர்ல குறைஞ்ச விலை சொல்றவருக்குத்தான் ஆர்டர். பக்கத்துத் தறியில நெய்யிற துணிக்கும் நம்ம தறியில நெய்யிற துணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னா, நாம ஒரு ரூபா கூட்டிக் கேட்டாலும் ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போயிடும்.

ஆக, தேவை நிரந்தரமா இருக்கலாம். லாபம் நிரந்தரமா இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. ஒரு பொருள் இல்லாம உலகம் ஓடாதுங்கிறதும், அதைச் செய்யிற கம்பெனியோட பங்குதாரருக்குப் பணம் வரும்ங்கிறதும் வேற வேற விஷயம். இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது அவ்வளவுதான். மெடிக்கல் பங்கு வச்சிருந்தா மூணு கேள்வி கேளுங்க. பதில் தெரிஞ்சா வச்சிருங்க, தெரியலைன்னா யோசிங்க.

கேள்வி 1: பணம் உண்மையிலேயே எதுல இருந்து வருது?

ராஜபாளையத்துலயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ். 1939-ல தொடங்கின கம்பெனி, ராம்கோ குழுமத்தைச் சேர்ந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்சு, அதுக்கு மூணு வருஷம் கழிச்சு வந்தது இது. பேர்லயே 'சர்ஜிகல்' இருக்கு. பேரை மட்டும் பார்க்கிறவர் இதை மருத்துவப் பங்குன்னு முடிவு பண்ணிடுவார்.

ஆனா ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்க. சர்ஜிகல் பஞ்சு, டிரெஸ்ஸிங் எல்லாம் இருக்கு. கூடவே பருத்தி நூல், துணின்னு ஒரு பெரிய ஜவுளி வியாபாரமும் இருக்கு, காற்றாலையும் இருக்கு. அது போக, ராம்கோ சிமெண்ட்ஸ் மாதிரி குழுமக் கம்பெனிகள்ல பங்கும் வச்சிருக்காங்க. அப்படின்னா இந்தப் பங்கை வாங்குறவர் பஞ்சு விலையையும், நூல் மார்க்கெட்டையும், ஒரு அளவுக்கு சிமெண்ட் தொழிலையும் சேர்த்துத்தான் வாங்குறார். இது குறை இல்லீங்க. கம்பெனி எதையும் மறைக்கல, எல்லாம் அறிக்கையில அச்சாகியிருக்கு. படிக்காதது நம்ம தப்பு.

சென்னையில டிடிகே ஹெல்த்கேரும் அப்படித்தான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கின இதய வால்வு, இந்தியாவிலேயே செஞ்சது. 1990 டிசம்பர்ல முதல் நோயாளிக்குப் பொருத்தினாங்க. அந்த வால்வைத் தயாரிச்சு விக்கிறது டிடிகே. பெருமையான விஷயம். ஆனா அதே கம்பெனிதான் குழந்தைக்குக் கொடுக்கிற உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரையும் விக்குது. கால்நடை மருந்து, ஆணுறை, உணவுப் பொருள்னு பல பிரிவு. அதுல மெடிக்கல் டிவைஸ் ஒரு பிரிவு, அவ்வளவுதான். வால்வுக்காக வாங்குறேன்னு சொல்றவர் கிரைப் வாட்டரையும் சேர்த்துத்தான் வாங்குறார்.

எப்படிப் பார்க்கிறது? காலாண்டு ரிசல்ட்டுலயே கடைசிப் பக்கங்கள்ல 'செக்மெண்ட்' அட்டவணை இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் எவ்வளவு விற்பனை, எவ்வளவு லாபம்னு போட்டிருப்பாங்க. பத்து நிமிஷ வேலை. பஸ் ஸ்டாண்டுல பால்கோவா வாங்கும்போது போர்டை மட்டும் பார்த்தா வாங்குறோம்? ஒரு துளி கையில வாங்கி ருசி பார்த்துட்டுத்தானே அரைக் கிலோ போடச் சொல்றோம்! 3 லட்சம் ரூபாய்க்கு அந்தக் கவனம்கூட வேண்டாமா?

கேள்வி 2: விலையை யாரு முடிவு பண்றாங்க?

2017 பிப்ரவரி. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்டுக்கு உச்சவரம்பு போட்டாங்க. சாதாரண உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசின ஸ்டென்ட் 29,600 ரூபாய். அதுக்கு முன்னாடி மருந்து பூசின ஸ்டென்டுக்கு லட்சத்துக்கு மேல கொடுத்த குடும்பங்கள் உண்டு. அதே வருஷம் ஆகஸ்ட்ல மூட்டு மாற்று உபகரணங்களுக்கும் உச்சவரம்பு வந்தது.

நம்ம அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கணும்னா இந்த உத்தரவு வரம். நான் அதை முழுசா ஆதரிக்கிறேன். ஆனா அந்தக் கம்பெனியோட பங்கை வச்சிருந்தா, ஒரே நாள்ல விற்பனை விலை பாதிக்கும் கீழ போகுது. இது உயிர் காக்கிற பொருள். அதனாலதான் அரசு தலையிடும், தலையிடணும். 'மக்களுக்கு அவசியமான பொருள், அதனால பாதுகாப்பான பங்கு'ன்னு நம்ம ஆள் நினைச்சது இங்கதான் தலைகீழா மாறுது. அவசியமா இருக்கிறதாலயே விலை கம்பெனி கையில இருக்காது.

இன்னொண்ணு, லைசென்ஸ். 2017 மருத்துவ உபகரண விதிகள் பொருள்களை ஆபத்தின் அளவுப்படி ஏ, பி, சி, டின்னு பிரிக்குது. ஏ, பி வகைக்கு 2022 அக்டோபர்ல இருந்தும், சி, டி வகைக்கு 2023 அக்டோபர்ல இருந்தும் உரிமம் கட்டாயம். இதய வால்வு, ஸ்டென்ட் மாதிரி பொருள் டி. இது சின்னக் கம்பெனிக்குச் செலவு. தரத்தோட செய்யிற கம்பெனிக்கு இதே விதி வேலியாவும் நிக்கும், ஏன்னா புதுசா வர்றவர் சுலபமா உள்ள நுழைய முடியாது. உங்க கம்பெனி இதுல எந்தப் பக்கம்?

கேள்வி 3: லாபம் பேப்பர்ல இருக்கா, பேங்க்ல இருக்கா?

பெங்களூர் ஆப்டோ சர்க்யூட்ஸ் கதை பழைய முதலீட்டாளர்களுக்கு ஞாபகம் இருக்கும். நோயாளி மானிட்டர், ஸ்டென்ட்னு நல்ல பொருள்கள். ஜெர்மனியில யூரோகார், 2008-ல அமெரிக்காவுல கிரிட்டிகேர், 2010-ல கார்டியாக் சயின்ஸ்னு கம்பெனிகளை வாங்கிக்கிட்டே போனாங்க. லாபம் ஏறுச்சு, போனஸ் பங்கு கொடுத்தாங்க. 2011 வாக்குல 200 ரூபாய்க்கு மேல இருந்த பங்கு.

ஆனா வாடிக்கையாளர்கிட்ட இருந்து வர வேண்டிய பாக்கி பெருகிக்கிட்டே போச்சு. கடனும் கூடுச்சு. 2015-ல கார்டியாக் சயின்ஸ் அமெரிக்காவுல திவால் மனு போட்டுச்சு. பின்னாடி தாய்க் கம்பெனியும் திவால் நடவடிக்கைக்குப் போச்சு. பங்கு 10 ரூபாய்க்கும் கீழ வந்துச்சு. அந்த வருஷங்கள்ல உலகத்துல இதய நோய் குறைஞ்சுதா என்ன? இல்லவே இல்ல. இங்கயும் தேவை இருந்துச்சு, பணம்தான் வரல.

கணக்கு சுலபம். வர வேண்டிய பாக்கியை வருஷ விற்பனையால வகுத்து 365-ஆல பெருக்குங்க. விற்பனை 120 கோடி, பாக்கி 60 கோடின்னா சுமார் 182 நாள். அதாவது சரக்கு கொடுத்து ஆறு மாசம் கழிச்சுத்தான் காசு வருது. ஆஸ்பத்திரி, அரசு டெண்டர்னு விக்கிற கம்பெனிக்குக் கொஞ்சம் தாமதம் சகஜம். ஆனா வருஷா வருஷம் இந்த நாள் கூடிக்கிட்டே போகுதா, லாபம் காட்டியும் 'ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோ' மைனஸா இருக்கான்னு பாருங்க. ரெண்டுக்கும் ஆமான்னா, உங்களை மாதிரி பங்குதாரர் நம்பிக்கையிலயும் பேங்க் கடன்லயும்தான் வண்டி ஓடுது.

சரி, வச்சுக்கவா, வித்துடவா?

நண்பன்கிட்ட இந்த மூணையும் கேட்டேன். மூணுக்கும் பதில் தெரியல. அவனுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு நம்பர்: வாங்கின விலை. "3 லட்சம் வந்ததும் வித்துடுறேன் மாப்ள" என்றான்.

இங்கதான் நம்மள்ல பாதிப் பேர் வழுக்குறோம். 3 லட்சம் 2 லட்சமானது 33 சதவீத இறக்கம். திரும்ப 3 லட்சம் ஆகணும்னா 50 சதவீதம் ஏறணும். நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு அந்தக் கம்பெனிக்கும் தெரியாது, மார்க்கெட்டுக்கும் தெரியாது. பங்கை வச்சிருக்கிறதுன்னா, இன்னைக்கு விலைக்கு இன்னைக்கு மறுபடி வாங்குறதுன்னுதான் அர்த்தம். அதுக்குக் காரணம் சொல்ல முடியலைன்னா, வச்சிருக்கிறதுக்கும் காரணம் இல்ல.

என் கருத்து இது. தேதி குறிச்ச பணம் ஒரே ஒரு பங்குல இருக்கக் கூடாது. தை மாசம் மண்டபத்துக்குக் கட்ட வேண்டிய காசு மார்க்கெட் நல்ல மூடுக்கு வரும்னு காத்திருக்க முடியாது. கல்யாணத்துக்கு வேண்டிய ஒன்றரை லட்சத்தை இப்பவே வித்து எடுத்து, பேங்க்ல குறுகிய கால டெபாசிட்ல போடணும். மீதி 50,000 ரூபாய்க்கு அந்த மூணு கேள்வி. நல்ல பதில் கிடைச்சா வச்சுக்கலாம், இல்லைன்னா அதையும் எடுத்துடலாம். சின்னக் கம்பெனின்னா ஒரு நாளைக்கு எத்தனை பங்கு கை மாறுதுன்னும் பாருங்க. வாங்குற ஆள் இல்லைன்னா, திரையில தெரியிற விலை உங்களுக்குக் கிடைக்காது.

நஷ்டமும் முழுசா வீண் இல்ல. ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்து வித்த நஷ்டத்தை நீண்ட கால மூலதன லாபத்தோட கழிச்சுக்கலாம். வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள்ள தாக்கல் பண்ணியிருந்தா 8 வருஷம் வரைக்கும் கொண்டு போகலாம்.

ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். மெடிக்கல் டிவைஸ் தொழிலே மோசம்னு நான் சொல்லல. நம்ம நாட்டுக்குத் தேவையான உபகரணங்கள்ல பெரும் பகுதி இன்னும் இறக்குமதிதான். இங்கயே நல்லா செய்யிற கம்பெனிக்கு இடம் நிறைய இருக்கு. ஆனா அது எந்தக் கம்பெனின்னு பேரைப் பார்த்துத் தெரியாது, அறிக்கையைப் பார்த்தாத்தான் தெரியும்.

நண்பன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "ஒரு லட்சம் போச்சுன்னு வீட்டுல எப்படிச் சொல்றது?" என்றான். அதுக்கு என்கிட்ட ஃபார்முலா இல்ல. "தை மாசத்துக்கு முன்னாடியே சொல்லிடு மாப்ள, அப்போ சொல்றதைவிட இப்போ சொல்றது சுலபம்"னு மட்டும் சொன்னேன். ராஜபாளையம் பஸ் வந்துடுச்சு, நான் ஏறிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மெசேஜ் வந்தது: ஒன்றரை லட்சத்துக்கு வித்துட்டானாம், அப்பாகிட்டயும் சொல்லிட்டானாம். மீதிக்கு ஆண்டறிக்கையை டவுன்லோடு பண்ணி வச்சிருக்கானாம். படிச்சானான்னு இனிமேதான் கேட்கணும்.

செக்மெண்ட் அட்டவணையை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவுல ஒரு அறிக்கையைத் திறந்து வச்சே காட்டுறேன். அதுக்குள்ள உங்க கையில இருக்கிற ஒரு பங்குக்கு இந்த மூணு கேள்வியையும் போட்டுப் பாருங்க.

(நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. இங்கே பேர் சொன்ன கம்பெனிகள் விளக்கத்துக்காக மட்டுமே. வாங்கவோ விற்கவோ சொல்லும் பரிந்துரை அல்ல.)