நிற்கும் புள்ளியும் நகரும் பிள்ளையும்



ரயில்வேயில் செக்ஷன் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து, லிங்கராஜபுரத்தில் வீடு கட்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. அண்மையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தையும், அதைப் பற்றிய என் கருத்தையும் சொல்லவே இதை எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டிலும் இதே சச்சரவு நடந்திருக்கும்.

என் பேத்தி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் இருக்குமிடம் தன் கைப்பேசியில் தெரியும்படி என் மகன் ஏற்பாடு செய்திருந்தான். வரைபடத்தில் ஒரு புள்ளி. அது நகர்ந்தால் பிள்ளை வந்துகொண்டிருக்கிறாள் என்று பொருள். அன்று நல்ல மழை. மாலை ஆறு மணிக்கு அந்தப் புள்ளி இந்திரா நகரில், உணவகங்கள் நிறைந்த ஒரு தெருவில் நின்றது. ஆறே கால், ஆறரை, ஆறே முக்கால் ஆகியும் அசையவில்லை. அழைத்தாலும் இணைப்புக் கிடைக்கவில்லை. ஏழரை மணிக்கு நனைந்துகொண்டு வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, "இவ்வளவு நேரம் அங்க யாரோட உட்கார்ந்திருந்தே?" என்று கேட்டான் மகன்.

பெண் திகைத்துப் போனாள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்து ஆறு மணிக்கே அணைந்துவிட்டதாம். அவ்வளவு நேரமும் நெரிசலில் ஊர்ந்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். "என்னைக் கேட்காம போனைக் கேட்டீங்களாப்பா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அன்றிரவு சாப்பிடவில்லை.

என் மகன் கெட்டவன் அல்ல. வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவன், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் இந்தத் தவற்றைச் செய்தால் அன்றைக்கே கண்டிப்பார்கள்.

கன்ட்ரோல் ஆபீசில் எங்கள் மேசைமேல் ஒரு பெரிய தாள் விரித்திருக்கும். அதற்குக் கன்ட்ரோல் சார்ட் என்று பெயர். பையப்பனஹள்ளி, கிருஷ்ணராஜபுரம், மாலூர், பங்காருப்பேட்டை, குப்பம், ஜோலார்பேட்டை என்று நிலையங்கள் மேலிருந்து கீழாக இருக்கும். குறுக்கே மணியும் நிமிடமும். வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, புள்ளி வைத்துக் கோட்டால் இணைப்போம். கோடு செங்குத்தாக இறங்கினால் வண்டி வேகமாகப் போகிறது; சாய்ந்து படுத்தால் மெதுவாகப் போகிறது; கிடைக்கோடானால் நிற்கிறது. ஒரே பார்வையில் முழுப் பாதையின் நடமாட்டமும் கண்முன் வந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்சில் பாரிஸ் – லியோன் ரயில்களை இப்படி வரைந்து பார்த்திருக்கிறார்கள். இன்று கணினியே கோடு போடுகிறது. இஸ்ரோவின் துணையோடு பல எஞ்சின்களில் பொருத்தியுள்ள கருவி, 30 விநாடிக்கு ஒருமுறை இருக்குமிடத்தைத் தெரிவிக்கிறது.

கருவி மாறினாலும் படிக்கும் முறை மாறவில்லை. முதலாவது, தகவல் வரவில்லை என்பதும் வண்டி நிற்கிறது என்பதும் ஒன்றல்ல. மாலூரிலிருந்து செய்தி வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுவோமே தவிர, கிடைக்கோடு போடமாட்டோம். என் மகன் செய்தது இதைத்தான்: காலியாக விட வேண்டிய இடத்தில் கிடைக்கோடு போட்டுவிட்டான். புள்ளிக்குக் கீழே கடைசித் தகவல் எத்தனை நிமிடத்துக்கு முன் வந்தது என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதை அவன் பார்க்கவே இல்லை.

இரண்டாவது, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போட்ட கோடு நம்முடைய ஊகம். இடையில் யாராவது அபாயச் சங்கிலியை இழுத்து வண்டி ஐந்து நிமிடம் நின்றிருந்தாலும் நேர்கோடு அதைக் காட்டாது. மூன்றாவது, புள்ளியே துல்லியமானதல்ல. திறந்த வெளியில் கைப்பேசி சில மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலோ வீட்டுக்குள்ளேயோ பல பத்து மீட்டர், சில வேளை அதற்கும் மேல் தவறும். புள்ளியைச் சுற்றி வெளிறிய வட்டம் தெரிந்தால், அந்த வட்டத்துக்குள் எங்கேயாவது இருக்கலாம் என்றுதான் பொருள். பஸ் போகும் சாலையும் பக்கத்துத் தெரு உணவகமும் அதற்குள் அடங்கிவிடும்.

நான்காவதுதான் முக்கியம். எங்கே, எவ்வளவு நேரம் என்பதைக் கோடு சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. அதற்கு ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டே ஆகவேண்டும். கேட்காமல் டிரைவர்மேல் பழி போடுபவன் கன்ட்ரோலர் ஆகமாட்டான். கோலார் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்ட பிறகு, நம்மவர்கள் எத்தனையோ பேர் விடிவதற்குள் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். என் தாளில் அந்த வண்டி ஒரு மெல்லிய கோடு. அதில் தொங்கிக்கொண்டு வந்தவர்களின் கவலை அந்தக் கோட்டில் எங்கே தெரிந்தது?

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்குப் பயம் இருப்பது இயல்பே. இங்கே தெருமுனையில் மாமனும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. ஆகவே இந்த வசதியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். என் பேரனுக்கும் கைப்பேசி இருக்கிறது. அவனும் இரவு ஒன்பது மணிக்குத்தான் வருகிறான். அவன் புள்ளியை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் எப்படி? பெண்ணின் கோட்டை மட்டும் வரைந்து பார்ப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கலாமா?

ஒரு நாள் கோட்டைவிடப் பல நாள் கோடுகள் சேர்ந்தால் அதிகம் சொல்லும். தினமும் ஒரே இடத்தில் வண்டிகள் தாமதமானால், சிக்னலிலோ பாதையிலோ குறை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வோம். அதே சேர்க்கை மனிதர்களிடம் ஆபத்தாகவும் முடியும். 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 15 லட்சம் பேரின் கைப்பேசித் தடங்களை ஆராய்ந்து, எங்கே, எப்போது என்ற விவரம் நான்கே இடங்களுக்குத் தெரிந்தால், 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று காட்டினார்கள். பெயரை எடுத்துவிட்டாலும் தடம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். நம் பிள்ளைகளின் தடம் நம் கைப்பேசியோடு நிற்பதில்லை, அந்தச் செயலியை நடத்துபவர்களிடமும் சேர்கிறது என்பதை மறக்கக்கூடாது.

எங்கள் வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு. எல்லோருடைய புள்ளியும் எல்லோருக்கும் தெரியும், என்னுடையது உட்பட. இரவு எட்டு மணிக்கு மேல் யாராவது வராவிட்டால் மட்டும் பார்ப்போம். பார்த்தாலும் முதல் கேள்வி, "சாப்பிட்டியாம்மா, பஸ் கிடைச்சுதா?" என்பதுதான். மகன் தன் தவற்றை மகளிடம் ஒப்புக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று. ஒப்புக்கொண்டான், அது போதும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னது கைப்பேசித் திரைக்கும் பொருந்தும். பெற்றோர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.