ஈகையும் எச்சரிக்கையும்



முற்றத்தில் அரிசி தூவிச் சிட்டுக்குருவிகளை வரவேற்பது நம் இல்லங்கள் பலவற்றில் நெடுநாளைய வழக்கம். வாயில்லா உயிர்களின் பசி தீர்ப்பது நன்மைக்குரிய செயல் என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆனால், ஓர் உயிருக்கென வைத்த உணவை வேறோர் உயிர் வந்து உண்டு, அதனாலேயே அதற்குக் கேடு நேருமாயின் என் செய்வது? அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வாழும் மக்கள் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் கேள்வி இது.

அங்குக் கொல்லைப்புறங்களில் சூரியகாந்தி விதை நிரப்பிய தீனிக்கூடுகளைப் பறவைகளுக்காகத் தொங்கவிடுவர். அணில்கள் அவற்றைச் சூறையாடுவது அன்றாட நிகழ்ச்சி. அதனால் விதை குறையுமேயன்றிப் பெருந்தீங்கு இல்லை. கருங்கரடி வந்தாலோ, நிலைமை வேறு.

குளிர்காலம் முழுவதும் உண்ணாது உறங்கிய கரடி, இளவேனிலில் பெரும்பசியோடு வெளிவருகிறது. அப்போது காட்டில் பழங்கள் இரா. புல்லும் தளிருமே கிடைக்கும். இலையுதிர் காலத்திலோ, அடுத்த உறக்கத்துக்குக் கொழுப்புச் சேர்க்க நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை உண்ணும். 100 கிராம் சூரியகாந்திப் பருப்பில் ஏறத்தாழ 580 கலோரி உள்ளது. நாளெல்லாம் காட்டில் அலைந்து தேட வேண்டியது, ஒரு கொல்லையில் சில நிமிடங்களில் கிட்டிவிடுகிறது! கரடி அவ்விடத்தை மறப்பதில்லை. தாய் செல்லும் வழியைக் குட்டிகளும் கற்றுக்கொள்கின்றன. தீனிக்கூட்டில் தொடங்கும் பழக்கம் குப்பைத் தொட்டிக்கும், பின்னர்ச் சமையலறைக்கும் நீள்கிறது.

நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் ஹானோவர் நகரில் நிகழ்ந்ததைப் பாருங்கள். குப்பைக்கும் பறவைத் தீனிக்கும் பழகிய ஒரு கரடிக் குடும்பத்தின் குட்டிகள் 2017-இல் ஒரு வீட்டினுள் நுழைந்தன. தாயையும் குட்டிகளையும் கொல்ல அதிகாரிகள் முடிவு செய்தனர். மக்கள் மன்றாடினர், ஆளுநர் கிறிஸ் சுனுனு தலையிட்டார். குட்டிகள் தொலைவிலுள்ள காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டன. தாயும் 2018-இல் வெகு தொலைவில் விடப்பட்டது. ஆயினும் அது நெடுந்தூரம் நடந்து பழைய இடத்துக்கே திரும்பி வந்தது! எல்லாக் கரடிகளுக்கும் ஆளுநரின் கருணை கிட்டுமா? எண்ணிப் பாருங்கள். வீடு புகப் பழகிய கரடிகள் பெரும்பாலும் துப்பாக்கிக்கே இரையாகின்றன.

எனவேதான், இளவேனில் பிறக்கும்போதே தீனிக்கூடுகளை இறக்கிவிட்டு, கரடிகள் உறங்கச் செல்லும் டிசம்பரில் மீண்டும் தொங்கவிடுமாறு அம்மாநில வனவிலங்குத் துறை கேட்டுக்கொள்கிறது. கீழே சிந்திய விதைகளையும் கூட்டி அள்ளிவிட வேண்டும். இதனால் பறவைகள் பட்டினி கிடக்குமோ என அஞ்ச வேண்டியதில்லை. அம்மாதங்களில் புழுக்களும் பூச்சிகளும் புல்விதைகளும் அவற்றுக்குத் தாராளமாகவே கிடைக்கின்றன.

இரக்கத்துக்கும் அறிவு துணை நிற்க வேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை. நம் மலைப்பாதைகளில் வாகனத்தை நிறுத்திக் குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசுகிறோமே, அதுவும் இத்தகையதே. உணவை நாடிச் சாலைக்கு வரப் பழகும் குரங்கு, ஒருநாள் வாகனச் சக்கரத்தில் சிக்கி மடிகிறது.

உங்கள் பிள்ளைகளோ உறவினரோ அந்நாட்டில் வாழ்கின்றனரா? அடுத்த முறை பேசும்போது, கொல்லையில் தீனிக்கூடு தொங்குகிறதா என்று கேளுங்கள். தொங்குமாயின், எந்த மாதத்தில் இறக்க வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.