ஆட்டம் கண்ட கீல்

வீட்டுக் கதவு தொங்கிப் போனால் தச்சரைக் கூப்பிடுகிறோம். பிள்ளைகள் செய்த மாதிரிப் பாலம் தொங்கிப் போனால், அந்தப் பொறுப்பு வாத்தியார் தலையில் வந்து விழுகிறது.

நமது வகுப்புப் பிள்ளைகள் நால்வர் பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதியைக் கண்காட்சிக்காகச் செய்துகொண்டு வந்தார்கள். கடையில் வாங்கிக் கோத்ததல்ல. ஐஸ்கிரீம் குச்சியும் அட்டையும் கம்பியும் கொண்டு, நூறில் ஒரு பங்கு அளவில், மூன்று மாதம் உழைத்துச் செய்தது. பழைய பாலத்தை நேயர்கள் அறிவார்கள். 1914-ல் திறந்து, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றுபோன பாலம். கப்பல் வந்தபோதெல்லாம் நடுவில் இரண்டு சிறகுகள் மேலே எழும்பி வழி விட்டன. சிறகு ஒன்றின் எடை 415 டன். அதை ஆட்கள் கையாலேயே நெம்பித் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி, லிப்டைப்போல் நேராக மேலே போகிறது. பிள்ளைகளுக்கு என்னவோ பழையதன் மேல்தான் மோகம்.

மாதிரியின் சிறகுகளோ, தூக்கிவிட்டால் தொப்பென்று விழுந்தன. நுனி இடமும் வலமும் தள்ளாடிற்று. கண்காட்சிக்கு இரண்டே நாள். "பசை போட்டு ஒட்டிவிடலாமா, ஸார்?" என்றான் ஒருவன். ஒட்டினால் நிற்கும், வாஸ்தவம். ஆனால் அப்புறம் திறக்காதே! திறப்பதற்காகத்தானே மூன்று மாதம் உழைத்தார்கள்?

நாம் நமது சாமர்த்தியத்தைக் காட்ட எண்ணி, கீலின் நட்டை ஒரு சுற்று முறுக்கினோம். இன்னும் ஒரு சுற்று முறுக்கினோம். 'சடக்' என்று குச்சி பிளந்துவிட்டது. பிள்ளைகள் மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் காட்டிலும் அவர்கள் நம்மைத் திட்டியிருக்கலாம்.

பிறகுதான் புத்தி வந்து, அச்சுக் கம்பியைக் கழற்றிப் பார்த்தோம். கம்பி தேயவில்லை. தேய்ந்தது துவாரம், வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகியிருந்தது. குச்சியும் அட்டையும் எவ்வளவு நாள் தாங்கும்? பழைய ரேடியோவின் ஏரியல் ஒன்று அகப்பட்டது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள் அதில் இருக்கின்றன அல்லவா? மெல்லிய குழாயில் சிறு துண்டு அறுத்து, துவாரத்தைச் சற்றுப் பெரிதாக்கி, துண்டை அதில் பதித்துப் பசையிட்டோம். பசை குழாய்க்கும் மரத்துக்கும் நடுவில்தான். உள்ளே ஒரு துளியும் போகலாகாது. இப்பொழுது கம்பி சுழல்வது உலோகத்தில்.

அப்படியும் இம்மியளவு ஆட்டம் மிஞ்சிற்று. அதற்கு உபாயம் எளிது. கம்பியை வெளியே எடுத்து, ஃபெவிக்விக்கையோ நகப்பூச்சையோ மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசி, நன்றாகக் காயவிட்டு, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். போதாவிட்டால் இன்னொரு பூச்சு. மிஞ்சிவிட்டால் நுண்ணிய உப்புத் தாளால் தேய்த்துவிடலாம். அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டினால் கதை முடிந்தது. கீல் இறுக்கமாக, ஆனால் கரகரக்காமல் சுழல, பென்சில் கரியைப் பொடித்துத் தடவினோம். எண்ணெய் வேண்டாம், மரம் குடித்துவிடும்.

பக்கவாட்டுத் தள்ளாட்டம் வேறு விஷயம். இதைக் கரும்பலகையில் கணக்காகவே போட்டோம். கீலைத் தாங்கும் இரண்டு துவாரங்களுக்கும் நடுவே தூரம் 10 மில்லிமீட்டர். சிறகின் நீளம் 300 மில்லிமீட்டர். துவாரத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், நுனி பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் விலகும். அதையே நூறு மடங்காக்கினால் 30 சென்டிமீட்டர். ரயில் என்ன ஆகும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். துவாரங்களை 40 மில்லிமீட்டர் அகலத்துக்கு விலக்கி வைத்தோம். தள்ளாட்டம் காலாகக் குறைந்தது. சந்தில் மெல்லிய பிளாஸ்டிக் வாஷர் ஒன்று செருகினோம்.

இவ்வளவும் செய்து தூக்கினால், சிறகு முன்போல் தொப்பென்று விழவில்லை, மெதுவாக விழுந்தது! தப்பு கீலில் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. சிறகின் எடை 60 கிராம். அதன் நடு கீலிலிருந்து 15 சென்டிமீட்டர். பெருக்கினால் 900. அத்தனையையும் ஒரு கம்பியின் உராய்வு எப்படிப் பிடித்து நிறுத்தும்? கீலுக்குப் பின்னால் 5 சென்டிமீட்டரில் 180 கிராம் வைத்தால் அங்கும் 900. இரும்பு நட்டுகளைத் தராசில் நிறுத்துச் சிறு பெட்டியில் போட்டோம். எதிர் எடை, கீல், சிறகின் நடு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படுத்திருக்கையில் சமமாக இருந்து, தூக்கும்போது சாய்ந்துவிடும். மிச்சமிருக்கும் சிறு வித்தியாசத்தை மட்டும் கீலின் இறுக்கம் பார்த்துக்கொள்ளும்.

உண்மைப் பாலத்தில் இந்த மாதிரி அச்சுக் கம்பியே கிடையாது. அமெரிக்காவின் சிகாகோ நகரத்து வில்லியம் ஷெர்சர் வகுத்த முறை அது. சிறகின் அடி, ஆடும் நாற்காலியின் காலைப்போல் வளைந்திருக்கும். சிறகு எழும்போதே உருண்டு பின்வாங்கும். அடுத்த வருஷம் அப்படியே செய்யப்போவதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். நாம் தலையாட்டியிருக்கிறோம், நட்டைத் தொடுவதில்லை என்று வாக்கும் கொடுத்திருக்கிறோம்.

கண்காட்சியன்று சிறு குழந்தைகள் சிறகுகளை எத்தனை தடவை தூக்கி இறக்கினார்கள் என்று கணக்கில்லை. பாதியில் விட்டால் பாதியில் நின்றது. மாலையில் ஒரு வாஷர் கிழிந்து போயிற்று. ஒட்டாத கீல் ஆகையால், கம்பியை உருவி, வேறொன்று மாட்ட இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. வரிசையில் நின்ற குழந்தைகள் அதையும் வேடிக்கை பார்த்தார்கள்.