வரையாட்டுக்கு மலை கிடைத்தது, வாழ்ந்தவர்க்கு?

மட்டாஞ்சேரியில் மிளகு, இஞ்சி வாசனையில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மலை என்றால் மூணாறுதான். சென்ற விடுமுறையில் நாங்களும் போய் வந்தோம். மாட்டுப்பெட்டியில் பிள்ளைகளின் வற்புறுத்தலால் இந்த வயதில் நானும் வாடகைக் குதிரை ஏறினேன். கடிவாளம் பிடித்து வந்த தம்பி நம்மவர், லயத்தில் பிறந்தவர். "எரவிகுளத்துக்குள்ள குதிரை விடமாட்டாங்க சார். அது ஆட்டுக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர். வீட்டைக் காலி பண்ணணும்" என்றார்.

அந்த இரண்டு வாக்கியங்களும் என் மனதை விட்டு நீங்கவில்லை.

எரவிகுளம் ஒருகாலத்தில் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடு. 1971-ல் கேரள அரசு சட்டம் இயற்றி, கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்டது. 1975-ல் எரவிகுளம் சரணாலயமாயிற்று; 1978-ல் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர் இன்று வரையாட்டின் வீடு. 2025 கணக்கெடுப்பில் அங்கு மட்டும் 841 ஆடுகள். நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு அயல் மாநிலத்தில் இப்படித் தழைத்திருப்பது மகிழ்ச்சியே.

ஆனால் அதே 1971 சட்டம், மீட்ட நிலத்தை விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் வழங்குவதையும் நோக்கமாகச் சொன்னது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த நம் மக்களில் பெரும்பாலோர் இன்னும் லயங்களில்தான் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, பூங்காவை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களில் உறங்கிய 70 பேர் மாண்டனர், பெரும்பாலும் தமிழர்கள். பிறகு சில குடும்பங்களுக்குக் குற்றியார்வேலியில் வீடு கிடைத்தது. மனை கிடைக்க மலை சரிய வேண்டுமா?

ஆட்டின் இடத்தைப் பறித்து ஆளுக்குக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சோலையும் புல்வெளியும் மழைநீரைத் தேக்கி ஓடைகளாக்குகின்றன. அவை அழிந்தால் கீழே இருக்கும் நமக்கும் கேடுதான். ஆட்டுக்கு எல்லை வகுத்துக் காத்த அரசால், தொழிலாளிக்குப் பத்திரமான இடத்தில் ஐந்து சென்ட் அளந்து கொடுக்க முடியாதா என்பதே என் கேள்வி.

அன்பர்களே, அடுத்தமுறை மூணாறு போகும்போது பிள்ளைகளுக்கு வரையாட்டைக் காட்டுங்கள். அப்படியே லயங்களையும் காட்டி, அங்கிருப்பவர்கள் யார் என்று சொல்லுங்கள். நம் சங்கமும் இதை அரசுக்கு எழுத வேண்டும்.